சேற்றைத் தொடாத தயாபரன்

தயாபரன் அவர்கள் காலமான செய்தி, வெள்ளவத்தைச் சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது வந்தது. சொன்னவர் அவருடைய மைத்துனர். செத்தவீடு முடிந்த பிறகு மறுபடி அழைத்தார். "அக்கா, நினைவு மலருக்கு நீங்கள் ஒரு கட்டுரை தர வேணும். இவ்வளவு காலம் ஒண்டா வேலை செய்தனீங்கள்." ஓம் என்றேன். நல்லதை மட்டும் எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை.

தண்ணீரும் மண்ணும் சோதிக்கும் எங்கள் ஆய்வுகூடத்தில் தயாபரன் அவர்களே மகா கெட்டிக்காரர். மொலிப்டினம் என்ற உலோகத்தைப் பற்றி ரசித்து ரசித்துச் சொல்வார்.

"ஓடுற தண்ணியில கரைஞ்சு போயிடும். அசையாத, நாறுற தண்ணியெண்டா அடியில கறுத்த சேத்தில போய்ப் பிடிச்சுக்கொள்ளும். அந்தச் சேத்தை அள்ளிக் காத்துப் பட விட்டுச் சுண்ணாம்பும் போட்டா, திரும்பக் கழண்டு புல்லில ஏறும். அதைத் தின்னுற மாட்டுக்குச் செப்புச்சத்து இல்லாமப் போகும்."

கொழும்பு ஒருகொடவத்தையில் மாடு வளர்த்த பாரூக் நானா ஒருநாள் எங்களைத் தேடி வந்தார். அவருடைய தொழுவத்துக்குப் பக்கத்திலிருந்த உலோகச் சாமான் களஞ்சியத்திலிருந்து பல வருடங்களாகக் கழிவு கால்வாயில் வடிந்திருந்தது. அண்மையில் கால்வாயைத் தூர்வாரி, சேற்றைக் கரையில் குவித்து, நாற்றம் போகச் சுண்ணாம்பு தூவியிருந்தார்கள். அதில் முளைத்த புல்லை மேய்ந்த மாடுகள் வயிற்றால் போய் எலும்பும் தோலுமாகியிருந்தன.

நாங்கள் இருவரும் போனோம். ஒரு கறுப்புப் பசுவின் கண்ணைச் சுற்றி, செப்புச்சத்துக் குறைந்தால் வருவதுபோல, மயிர் நரைத்திருந்ததைத் தயாபரன் அவர்கள் குனிந்து பார்த்தார். விளங்கிவிட்டது என்பதை அவருடைய முகத்தில் கண்டேன்.

"சேத்தையும் புல்லையும் எடுப்பம்" என்றேன்.

"தண்ணியை மட்டும் எடுத்தாக் காணும், மரியா. சேத்தைக் கிண்டினா எல்லாரோடையும் பகை."

தண்ணீர் சுத்தம் என்று அறிக்கை கொடுத்தார். அது பொய்யும் அல்ல. லஞ்சம் வாங்கினாரா என்று கேட்காதீர்கள், இல்லை. களஞ்சியக்காரரின் விருந்தில் முன்வரிசைக் கதிரை ஒன்று போதுமாக இருந்தது. லஞ்சம் வாங்கியிருந்தால், தன் அறிவுக்கு ஒரு விலையாவது வைத்தார் என்று நினைத்திருப்பேன்.

புல்லை மேய விட வேண்டாம் என்று நானாவிடம் நானே போய்ச் சொன்னேன். மாட்டு வைத்தியர் செப்பு ஊசி போட்டார். இரண்டு பசுக்கள் தேறின. மற்றவை செத்தன.

நானா எங்கள் ஆய்வுகூடக் கந்தோருக்கு வந்தார். "சேர், தண்ணி சுத்தம்டு எழுதீக்கிறீங்க. அப்ப என்ட மாடு ஏன் செத்திச்சி?"

"ஏதும் நோயாயிருக்கும்" என்றார் தயாபரன் அவர்கள், தலையை நிமிர்த்தாமலே.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் பேசிய எல்லோரும் அவருக்கு ஓர் எதிரியும் இல்லை என்றார்கள். மாலைகளுக்கு நடுவே, யாரோ பாராட்டக் கேட்டுக்கொண்டிருப்பவர்போல அவர் கிடந்தார். நான் பூ வைக்கவில்லை. பெட்டியருகே குனிந்து, "உங்களுக்குத் தெரியும் எண்டது எனக்குத் தெரியும். போயிட்டு வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறினேன்.