தலைகீழாகத் தெரிந்த மணப்பெண்

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாணம். ரயில்வே ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரரின் தங்கை லோகாம்பாளுக்கு. போனேன், சாப்பிட்டேன், வந்தேன் என்று இந்த வாரப் பத்தியில் எழுதத்தான் ஆசை. முடியவில்லை... வெட்கமாக இருக்கிறது.

பரிசாக என்ன கொடுப்பது? பித்தளைக் குடம் எல்லோரும் கொடுப்பார்கள். நான்தான் நாகரிகமான ஆசாமியாயிற்றே! பத்து ரோடு என்ற கடைத்தெருவில் ஒரு சீனர் கடையில் வட்டமான ஷேவிங் கண்ணாடி ஒன்றை வாங்கினேன். மாப்பிள்ளைக்கு ஆகும் என்ற நினைப்பு. நடுவில் லேசாகக் குழிந்த கண்ணாடி. முகத்தைக் கிட்டே வைத்தால் ஒவ்வொரு முடியும் பெரிதாகத் தெரியும்.

"டெக்காட் பெசார், ஜாவோ தெர்பாலிக்!" என்று கடைக்காரர் மலாயில் சொல்லிச் சிரித்தார். கிட்டே பெரிது, எட்டப் போனால் தலைகீழ். தள்ளி நிற்கவைத்துக் காட்டவும் செய்தார். எனக்குத் தெரியாதா என்ன? பள்ளிக்கூடத்தில் இதற்குப் படம் வரைந்து மார்க் வாங்கியவன் நான்.

கல்யாண வீட்டுப் பெண்களுக்கு அது தெரியுமா? முகம் பார்க்கும் கண்ணாடிதானே என்று சீர்த்தட்டில் சேர்த்துவிட்டார்கள். தாலி கட்டுவதற்கு முன் நலங்கு. பெண்ணுக்கு எதிரே, நாலடி தள்ளி, முக்காலியில் அதை நிறுத்தினார்கள். பெண்ணின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார் மாப்பிள்ளையின் அத்தை.

"ஐயையோ! பொண்ணு தலைகீழாத் தெரியுதே! தாலி ஏறுறதுக்கு முன்னாடியே இப்படி அபசகுனமா?"

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். "போதும். எல்லாரும் கெளம்புங்க, வீட்டுக்குப் போவோம்."

நான் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். இது கண்ணாடியின் வளைவு, பெண்ணின் ராசி இல்லை — இவ்வளவு சொன்னால் போதும். சொன்னேனா? "யாரு வாங்கிட்டு வந்தது இதை?" என்று அத்தை கத்தியதும் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

லோகாம்பாள் மணையிலிருந்து எழுந்தாள். கண்ணெல்லாம் நீர். கண்ணாடியைப் பார்த்தபடியே ஓரடி வைத்தாள். இன்னும் ஓரடி. பாதித் தூரத்தில் முகமே கலங்கிப்போயிருக்கும் — அப்படித்தான் ஆகும். நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டே போய்க் குனிந்தாள்.

"கிட்ட வந்தா நேராத்தான் தெரியுது, அத்தை. நீங்களே வந்து பாருங்க."

அத்தை போய்ப் பார்த்தார். கன்னத்து மரு கொட்டைப்பாக்கு அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "என்னடி இது, பூதம் மாதிரி!" என்று பின்வாங்கினார். கூட்டம் சிரித்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவும் எட்ட நின்று, கிட்டப் போய், இரண்டு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். தாலி ஏறியது.

சாப்பிட்டுவிட்டு விடைபெறப் போனேன். தாம்பூலம் கொடுக்கும்போது லோகாம்பாள் குரலைத் தாழ்த்தினாள்.

"காலையில டப்பாவைப் பிரிச்சதே நான்தாண்ணே. உள்ள உங்க பேரு இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல."

அவ்வளவு பேர் முன்னால் அழுதபோதுகூட என்னைக் காட்டிக்கொடுக்காத பெண்! நானோ தூணைத் தேடியவன். வரும் வழியெல்லாம் ரயிலில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். அம்மா, அந்தக் கண்ணாடியை வாங்கி வந்தவன் நான்தான்.