கையை ஊன்றாத நடை

ஒன்றரை வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப்போனது. அதைப் பற்றி எனக்குப் பெரிய புகார் ஒன்றும் இல்லை. புகாரெல்லாம் சினிமா மேல்தான். கால் விளங்காதவர்கள் அதில் சிரிப்புக்கு வருவார்கள். இல்லையென்றால் கதாநாயகனின் தங்கையாக வந்து அழுது சாவார்கள். எழுதுகிறவருக்கு ரொம்ப இரக்கம் வந்துவிட்டால் கடைசிக் காட்சியில் எழுந்து ஓடுவார்கள்.

சாரல் நேரத்தில் குற்றாலத்துக்குப் படம் எடுக்க வந்தவர்கள், தென்காசியில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில்தான் காட்சித் தாள்களை நகல் எடுத்தார்கள். திருட்டுத்தனமாகப் படித்தேன். பிளஸ் டூ படிக்கிற, என்னைப் போலவே கால் சூம்பிய ஒரு பெண்ணின் கதை. அவள் கணக்கில் ஃபெயிலாகிறாள், தோழியோடு சண்டை போடுகிறாள், பொய் சொல்லிவிட்டு ஐந்தருவிக்குப் போகிறாள். யாரும் அவளுக்காக அழவில்லை. கால் குணமாகவும் இல்லை. இந்தப் படமாவது சரியாக வந்துவிட வேண்டுமே என்று எனக்குப் பதைப்பாகிவிட்டது.

மெஷினுக்கும் மேசைக்கும் நான் நடப்பதைப் பார்த்த உதவி இயக்குநர், மறுநாள் டைரக்டரையே கூட்டி வந்தார். நடிக்கிற பெண்ணுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. கால் விளங்காத பெண் ஒருத்திகூடவா கிடைக்கவில்லை என்று கேட்டேன். தேடினோம் என்று டைரக்டர் இழுத்தார். "நடையில மட்டும் பொய் வந்துரக் கூடாதுக்கா. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார். கோபத்தோடுதான் ஒத்துக்கொண்டேன்.

எனக்கு இரண்டு நடை உண்டு. வீட்டுக்குள் ஒவ்வோர் அடிக்கும் இடது தொடையில் கையை ஊன்றிக்கொள்வேன். அப்போதுதான் முழங்கால் மடங்காமல் நிற்கும். வெளியே போனால் கை ஊன்ற மாட்டேன். காலை வீசிப் போட்டு, இடுப்பை வளைத்துச் சமாளிப்பேன். சாயங்காலம் இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும். இது உம்மாவின் சட்டம். "கையை எடு, ஏட்டி. கையை ஊனுனாத்தான் எல்லாரும் காலைப் பாக்காவ" என்பாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காகச் சின்ன வயதிலிருந்தே பழக்கினாள். வந்தவர்கள் எல்லாரும் காலைத்தான் பார்த்தார்கள், அது வேறு விஷயம்.

அவர்கள் தங்கியிருந்த லாட்ஜ் ஹாலில் ஐந்து நாள் சொல்லிக்கொடுத்தேன். வெளி நடையைத்தான். அந்தப் பெண் கெட்டிக்காரி, மூன்றாம் நாளே பிடித்துவிட்டாள். கடைசி நாள் கேட்டாள்: "வீட்ல யாரும் இல்லாதப்பவும் இப்படித்தான் நடப்பீங்களாக்கா?"

சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். "ஆமா, எப்பவும் இப்படித்தான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

படம் தென்காசிக்கு வந்தபோது, தியேட்டர் பக்கமே போகாத உம்மாவை வம்படியாக இழுத்துக்கொண்டு போனேன். நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். ஒரு காட்சியில் அந்தப் பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். கதவைப் பூட்டிவிட்டு, ஒரு கையில் டீயோடு அடுப்படியிலிருந்து நடந்து வருகிறாள். இன்னொரு கை சும்மாதான் தொங்குகிறது. தொடையில் ஊன்றவில்லை.

எனக்கு முகம் எரிந்தது. பூட்டிய வீட்டுக்குள் யாருக்குப் பயந்து அப்படி நடக்கிறாள்? எழுதியவர் எதையும் மறைக்கவில்லை, நடித்தவளும் மறைக்கவில்லை. மறைத்தது நான். இத்தனை வருடம் சினிமாக்காரர்களைத் திட்டிவிட்டு, கேட்டுக்கொண்டு வந்தவர்களிடம் நானே பொய்யைக் கொடுத்தனுப்பியிருந்தேன்.

உம்மா என் பக்கம் சாய்ந்தாள். "வீட்டுக்குள்ளகூடக் கை ஊனாம எவ்வளவு அழகா நடக்கா, பாத்தியா? நீயும் இருக்கியே."

"அது பொய்யும்மா. வீட்டுல யாரு அப்படி நடப்பா? நான்தான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்."

"ஏன் அப்படிச் சொல்லிக்குடுத்தே?"

"நீ எனக்குச் சொல்லிக்குடுத்தியே, அதைத்தான் சொன்னேன்."

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். உம்மா வெறும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.