பதினோரு பேர் எழுதிய 120/80

இஎம்டி வேலைக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "இன்னா கேள்வி கேப்பாங்கக்கா?" என்பதுதான். ஆம்புலன்ஸில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து முதலுதவி செய்கிறவர் இஎம்டி. ஓட்டுகிறவர் பைலட். என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதி மறந்துவிட்டது. அன்றைக்கு ஒருவருக்கு பிபி பார்த்தது மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

1. விண்ணப்பம்

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு அத்தாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், உள்ளே என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் பேப்பரில் ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தது. விலங்கியல் படித்தவர்களும் வரலாம் என்று போட்டிருந்தார்கள்.

அத்தாவிடம் காட்டினேன்.

"கல்வராயன் மலையில போட்டா இன்னா பண்ணுவ?"

"போவேன் அத்தா."

"அங்க உனக்கு யாரைத் தெரியும்?"

"போனா தெரிஞ்சிடும்."

சர்டிபிகேட்டுகளை வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்க அவரே போனார்.

2. பிராக்டிகல்

எழுத்துத் தேர்வு முடிந்து பன்னிரண்டு பேர் மிஞ்சினோம். என் முறை கடைசி. அறையில் ஒரு டாக்டரம்மாவும் ஒரு பயிற்சி அதிகாரியும் இருந்தார்கள். ஸ்டூலில் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் சேகர். உளுந்தூர்பேட்டையில் லோடு வண்டி ஓட்டுகிறவர், பைலட் வேலைக்கு வந்திருந்தார். எல்லோரும் அவருக்குத்தான் பிபி பார்க்க வேண்டும்.

காலேஜ் லேபில் இரண்டே தடவை பிபி பார்த்திருக்கிறேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, ஸ்டெத்தை வைத்து மெதுவாகக் காற்றை இறக்கினேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. மறுபடி அடித்தேன். அப்போதும் இல்லை. மேசைமேல் ஒரு தாள் இருந்தது. எனக்கு முன்னால் வந்த பதினோரு பேரும் அதில் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் 120/80. ஒன்றிரண்டு 118/78.

"இன்னாம்மா, எவ்ளோ?" என்றார் அதிகாரி.

"எனக்குக் கேக்கல சார்."

"மத்தவங்களுக்கெல்லாம் கேட்டுதே?"

அதுதான் எனக்கும் புரியவில்லை. அவர்களுக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை? ஸ்டெத்தின் தட்டை விரலால் தட்டிப் பார்த்தேன். அதுவும் காதில் விழவில்லை. அந்த ஸ்டெத்துக்கு இரண்டு பக்கம் இருந்தது. காலேஜில் நான் பார்த்தது ஒருபக்கம் மட்டும் உள்ளது. ஒருநேரத்தில் ஒருபக்கம்தான் கேட்குமோ என்று ஸ்டெத்தின் தலையைத் திருகினேன். டிக்கென்று திரும்பியது. மறுபடி தட்டியபோது காதே அதிர்ந்தது.

இப்போது பிபி பார்த்தேன். 160/100. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை. அதே எண். நான் முணுமுணுத்தது சேகர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

பேனாவை எடுத்ததும் அவர் குனிந்து மெல்லச் சொன்னார். "கம்மியா எழுதுங்க மேடம். பதினோரு பேரு நார்மல்னுதான எழுதிக்கினு போனாங்க? வண்டி ஓட்டறதுதான் என் பொழப்பு."

கை நின்றுவிட்டது. அவர் வேலை என் பேனாவில் இருந்தது. 160/100 என்று எழுதிவிட்டு, "நான் தப்பா கேட்டிருக்கலாம். அவரைக் கொஞ்ச நேரம் சும்மா உக்கார வெச்சு நீங்க ஒருதடவை பாருங்க டாக்டர்" என்றேன்.

அரைமணி நேரம் கழித்து டாக்டரம்மாவே பார்த்தார். 156/98.

"ஸ்டெத்தை நீங்கதான் திருப்பி வெச்சீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று பிறகுதான் தோன்றியது.

அவர் சிரித்தார். "காலையில யாரோ திருப்பிட்டாங்க. ரெண்டாவது ஆள் பாக்கும்போது கவனிச்சேன். யாரு சொல்றாங்கன்னு பாக்கலாம்னு விட்டுட்டேன்."

சேகருக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் நல்லாத்தான இருக்கேன்? தலைவலிகூட இல்ல."

"இது ஒண்ணும் தெரியாமலே இருக்கும் சேகர். வைத்தியம் பாத்துட்டு அடுத்த செலக்‌ஷனுக்கு வாங்க" என்றார் டாக்டரம்மா.

வெளியே ஷேர் ஆட்டோவுக்காக அருகருகே நின்றோம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டோவில் ஏறும்போதுதான், "வூட்ல இன்னா சொல்றதுன்னு தெரியல" என்றார். வேலை கிடைத்ததாக எனக்குக் கடிதம் வந்த நாளிலும் அந்த முகம்தான் முன்னால் நின்றது.

3. மலை

பயிற்சி முடிந்து என்னைக் கல்வராயன் மலையில்தான் போட்டார்கள். மலைப்பாதையில் என்ஜின் சத்தத்தில் ஸ்டெத்தே கேட்காது. இரண்டாவது மாதம் ஒரு கர்ப்பிணியை ஏற்றினோம். முதல் பிரசவம். வலி விட்டுவிட்டு வந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தது. "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

பைலட்டிடம் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தச் சொன்னேன்.

"வலியில இருக்குது மேடம். நிறுத்தினா லேட்டாயிடும்."

"ஒரே நிமிஷம். எனக்குக் கேக்கணும்."

170/110. உடனே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுச் சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். வலிப்பு வராமல் தடுக்கிற ஊசி தயாராக இருந்தது. சாயந்திரம் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சேகர் மாத்திரை சாப்பிட்டு, பிபி இறங்கி, அடுத்த செலக்‌ஷனில் பைலட் ஆனார். ஒரு மீட்டிங்கில் பார்த்தோம். "அன்னிக்கு உங்க மேல செம கோவம் மேடம்" என்றார். "இப்ப?" என்றேன். "இப்ப கொஞ்சம் கம்மி."

இன்டர்வியூ போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வண்டியில் நீங்கள் எழுதுகிற எண்ணை நம்பித்தான் கீழே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் மருந்தைக் கையில் எடுக்கிறார். கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்று சொல்லுங்கள்.