மாமாவின் எட்டாவது வேஷம்

என் மாமாவை டென்மார்க் முழுவதும் பார்த்திருக்கிறது. ஆனால் அவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. எண்பதுகளின் நடுவில் அந்த நாட்டில் ஒரேயொரு டெலிவிஷன் சனல்தான். நாடகத்துக்குக் கறுத்த முகம் ஒன்று தேவைப்பட்டால் ஓகூஸ் நகரத்து நிலையத்திலிருந்து மாமாவுக்கு அழைப்பு வரும். மாமா டெனிஷ் படித்த மொழிப்பள்ளிக்கு நடிக்க ஆள் தேடி வந்த ஒரு பெண்மணி, கடைசி வாங்கில் தலை குனிந்திருந்தவரைத் தெரிந்தெடுத்ததில் தொடங்கியது இது. அதற்குப் பிறகு துருக்கிப் பயணி, பாகிஸ்தான் சமையற்காரர், இந்திய டொக்டர், ஏதோ ஒரு நாட்டுக் கள்ளன் என்று ஏழு வேஷம் கட்டிவிட்டார். யாழ்ப்பாணத்தானாக மட்டும் ஒருமுறையும் வரவில்லை. ஏழிலும் ஒரு சொல் பேசவுமில்லை. டொக்டராக வந்தபோதுகூட நோயாளியின் நாடியைப் பிடித்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

அது அவருக்கு வசதியாகவே இருந்திருக்கும். மாமா அம்மாவின் தம்பி. கோல்டிங்கில் எங்களோடு இருந்துகொண்டு ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். அப்படியொரு வாயில்லாப் பூச்சியை நான் இன்றுவரை கண்டதில்லை. கறிக்கு உப்புக் காணாது என்பதைக்கூட என் காதுக்குள் சொல்லுவார். நான்தான் அதை உரத்து அம்மாவிடம் சொல்லி ஏச்சு வாங்குவேன். நான் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. இரண்டு பேருக்குப் போதுமான வாய் எனக்கு இருக்கிறதென்று அப்பா சொல்லுவார்.

பக்கத்து ஊரான வைலேயில் ஒரு வாத்தியார் இருந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். அவருடைய மூத்த மகளை மாமா விரும்பினார். அந்த அக்காவுக்கும் விருப்பம்தான் என்பதை அம்மா எப்படியோ மோப்பம் பிடித்து, பலகாரத்தோடு போய்ப் பேச்சைத் தொடங்கினார். வாத்தியார் மறுக்கவில்லை. மறுக்காமலே மடக்கிவிட்டார்.

"தங்கச்சி, உங்கட தம்பி மூண்டு தரம் இஞ்சை வந்திட்டார். வாறார், தேத்தண்ணி குடிக்கிறார், போறார். டெலிவிஷனிலையும் தலையைத்தான் ஆட்டுறார். என்ரை பிள்ளையைக் கட்டப்போறவர் தன்ரை வாயாலை கேக்கட்டும். பிறகு பாப்பம்."

மாமா நாலாம் தரமும் போனார். தேத்தண்ணி குடித்தார், வந்தார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அதற்குள் ஓகூஸிலிருந்து அந்த அக்காவுக்கு வேறொரு சம்பந்தம் பேசி வருகிறது, மாதம் முடிய முன்னம் பதில் சொல்லவேண்டுமாம் என்று கதை வந்தது. மாமா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. உப்பைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

எட்டாவது வேஷம் வந்தது அந்தக் கிழமையில்தான். மரக்கறிக் கடைக்காரர் ஒருவர், வரிக் கணக்குப் பார்க்க வந்த அதிகாரியைச் சத்தம் போட்டுத் துரத்த வேண்டும். நெறியாளர் சொல்லிவிட்டாராம் (இது எனக்குப் பிறகுதான் தெரியும்), என்ன சொல்கிறாய் என்பது முக்கியமில்லை, உன்னுடைய மொழியில் கோபமாக ஏதாவது பேசு, டெனிஷில் நாங்கள் கீழே எழுதிக்கொள்வோம் என்று. மாமா படப்பிடிப்புக்குப் போய்வந்து, வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் ஒளிபரப்பாகும் நாளை மட்டும் கலண்டரில் வட்டம் போட்டுவைத்தார். நான் வகுப்பு முழுவதற்கும் அறிவித்தேன்.

அன்று செய்தி முடிந்ததும் நாடகம் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால். வைலேயில் வாத்தியாரும் கொப்பியும் பேனையுமாகப் பெட்டிக்கு முன்னால் இருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் கீழே ஓடுகிற எழுத்தைப் பார்த்து எழுதித்தான் அந்த மனுசன் டெனிஷ் படித்தார்.

திரையில் மாமா வந்தார். அதிகாரியைப் பார்த்தார். முட்டைக்கோஸ் குவியலிலிருந்து ஒரு முழுக் கோவாவைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தார். பிறகு, என் வாழ்க்கையில் நான் கேட்டிராத குரலில் வெடித்தார்.

"வாத்தியார்! உங்கட மகளை எனக்குத் தாங்கோ! எனக்குக் கதைக்கத் தெரியாது, உழைக்கத் தெரியும்! அவவைக் கண் கலங்க விடமாட்டன்! ஓமெண்டு சொல்லுங்கோ!"

அதிகாரி பயந்து ஓடினார். கீழே டெனிஷில், என் கடையை விட்டு வெளியே போ, நான் ஒழுங்காக வரி கட்டுகிறவன், என்று எழுத்து ஓடியது.

அம்மா "ஐயோ கடவுளே" என்று முந்தானையால் வாயைப் பொத்தினார். அப்பா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது. எழுத்து ஒன்று சொல்ல, மாமா இன்னொன்று சொல்கிறார்! முதன்முதலாகப் பேசக் கொடுத்தார்கள், அதையும் மறந்துபோய் வாயில் வந்ததைக் கத்திவிட்டாரே!

டெலிபோன் அடித்தது. அம்மா ஓடிப்போய் எடுத்தார். வாத்தியாரின் குரல் எனக்கும் கேட்டது. "தம்பியை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லுங்கோ. கோவா வேண்டாம்."

ஞாயிறு நாங்கள் நாலு பேரும் ரயிலேறி வைலே போனோம். வடை வந்தது, தேத்தண்ணி வந்தது. வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ம், தம்பி. டென்மார்க் முழுக்கக் கேட்டுது. இப்ப எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

மாமா வாயைத் திறந்தார். மூடினார். நெற்றி வியர்த்தது. கடைசியில் என் பக்கம் குனிந்து, உப்புக்குக் குனிவதுபோலவே, காதுக்குள் என்னவோ தொடங்கினார். நான் முழுதும் கேட்கவில்லை. அந்த வசனம் எனக்குத்தான் பாடமாயிற்றே. கதிரையை விட்டு இறங்கி, கையில் வடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வாத்தியார், உங்கட மகளை எனக்குத் தாங்கோ" என்று தொடங்கி, "ஓமெண்டு சொல்லுங்கோ" வரை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். மாமா பாவம், அடுத்தமுறை எழுத்தில் உள்ளபடியே சரியாகச் சொல்லுவார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

வாத்தியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அக்கா வடை பொரித்துக்கொண்டிருந்த குசினியின் வாசலைத் திரும்பிப் பார்த்து, "என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்றார். அங்கேயிருந்து மெல்ல "ஓம்" என்று கேட்டது. எல்லோரும் ஏன் இப்படிச் சந்தோஷப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பிழையில்லாமல் சொன்னதற்குத்தான் என்று நினைத்து, பெருமையோடு அடுத்த வடையை எடுத்தேன்.

மாமா அதற்குப் பிறகும் எத்தனையோ வேஷம் கட்டினார், அநேகமாக எல்லாம் தலையாட்டுகிற வேஷம்தான். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் அவர் பேசாமல் இருப்பார், மாமி என்னைக் கை காட்டுவார்.

"என்னைக் கேட்டது உவள். நான் ஓமெண்டு சொன்னதும் உவளுக்குத்தான்."