மாமாவின் முழங்கால் நோ

என் தாய்மாமாவுக்கு முழங்காலில் நோ என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். நம்பாமல் என்ன செய்வது? பாரிஸின் லா ஷப்பலில் எங்கள் வீடு ஐந்தாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. நடுவில் தேய்ந்துபோன பழைய மரப்படிகள் சுழன்று சுழன்று மேலேறும். சனிக்கிழமைதோறும் புறநகரான சார்செலிலிருந்து ரயிலேறி வரும் மாமா, கடைத்தெருவில் முருங்கைக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு, எங்கள் கட்டடத்தின் கீழே கடைசிப் படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். அம்மா தேநீரைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு இறங்கிப் போவார். நான் பின்னால் ஓடுவேன்.

"ஏன் மாமா மேலை வாறேல்லை?"

"முழங்கால் நோ பிள்ளை. அஞ்சு மாடி ஏறேலாது."

அப்பாவுக்கு உணவகத்தில் மாலை வேலை. ஆகவே காலையில் வீட்டில்தான் இருப்பார். மாமா கீழே இருக்கும்வரை சிகரெட் வாங்கக்கூட இறங்கமாட்டார். மாமாவைப் பற்றிப் பேசியே ஆகவேண்டுமென்றால் என்னிடம் 'கொம்மான்' என்பார். உன்னுடைய மாமன், எனக்கு ஒன்றுமில்லை என்று கணக்கு. பெரியவர்கள் சிலருக்குப் பேசப் பிடிக்காது, சிலருக்கு மாடி ஏறப் பிடிக்காது என்று நான் அதை எளிதாக முடித்து வைத்திருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது இந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வந்தது. நான் பெரியபிள்ளையாகிவிட்டேன். எங்கள் ஆட்களில் தாய்மாமன் தேங்காய் உடைத்தால்தான் பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். பாரிஸில் குளியல்தொட்டியில் நிற்கவைத்து வார்த்தாலும் சட்டம் சட்டம்தான். அம்மா அப்பாவிடம் நாலு நாள் சொல்லிப் பார்த்தார், அழுது பார்த்தார், கடைசியில் சமைக்காமலும் இருந்து பார்த்தார்.

"எனக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருத்தன்தான். இதுக்கும் அவன் வரக்கூடாதெண்டால் நான் அவனுக்கு அக்காவே இல்லை" என்றார் அம்மா.

"தேங்காய்க்கு ஆர் உடைக்கிறதெண்டு தெரியுமோ?" என்று கேட்டார் அப்பா. "ஆரும் உடைக்கலாம்."

அந்த 'ஆரும்', இரண்டாம் மாடியில் இருந்த, எல்லாரும் மரியாதையாக 'முசியே' என்று கூப்பிடும் பாண்டிச்சேரிக்காரராக வந்து முடிந்தது. பிரெஞ்சுத் தபால்துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். மாமாவுக்குப் பதில் மாமாவாக நிற்க அவர் உடனே சம்மதித்தார். யாருடைய சண்டைக்காகத் தன்னை முன்னால் தள்ளுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அம்மா தயங்கியபோது, "ஒண்ணும் பயப்படாதீங்க மதாம். தேங்கா உடைக்கிறது என்ன கம்பசூத்திரமா?" என்று சிரித்தார்.

கம்பசூத்திரம்தான் என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்த முசியே, எங்கள் வாசலில் குந்தியிருந்து, தேங்காயை ஒரு தட்டுத் தட்டினார். அது சும்மா இருந்தது. இன்னொன்று தட்டினார். மூன்றாவது தட்டில் தேங்காய் அவர் கையை விட்டு நழுவி, முதல் படியில் குதித்து, இரண்டாவதில் குதித்து, பிறகு நிற்கவே இல்லை. ஐந்து மாடியும் டக், டக், டக்கென்று உருண்டு போனது. மூன்றாம் மாடிக் கிழவி கதவைத் திறந்து பிரெஞ்சில் திட்டுவது கேட்டது.

தண்ணீர் வார்க்காத பிள்ளை வாசலைத் தாண்டக்கூடாது. அதெல்லாம் எனக்கு எங்கே நினைவிருந்தது? அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு நின்ற நான் தேங்காய்க்குப் பின்னால் ஓடினேன். என்னைப் பிடிக்க அப்பா ஓடிவந்தார்.

கீழே, கடைசிப் படிக்கருகில், மாமா நின்றார். அவர் கையில் தேங்காய் இருந்தது. அவருக்குப் பின்னால், கடதாசி மட்டை சுற்றிய பெரிய மர மேசை ஒன்று நின்றது. அம்மா அவருக்கு நாளைச் சொல்லியிருக்கிறார். மாமா நண்பரின் வான் வண்டியில் மேசையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மேலே வரவும் முடியாமல் திரும்பிப் போகவும் மனமில்லாமல் காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார்.

அப்பா மூன்று படிக்கு மேலேயே நின்றுவிட்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"உதென்ன?"

மாமாவும் என்னிடமே சொன்னார்.

"உனக்குப் படிக்க மேசை, பிள்ளை."

அப்பா மேசையைப் பார்த்தபடி நின்றார். பட்டுச்சேலையோ சங்கிலியோ என்றால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் அப்பா படிப்பைப் பாதியில் விட்டவர். மாமாவும் அப்படித்தான். நான் சமையலறையில் சட்டிகளை ஒதுக்கிவிட்டு வீட்டுப்பாடம் எழுதுவதை அப்பா தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெல்ல இறங்கிவந்து மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மாமா தேங்காயை என்னிடம் தந்துவிட்டு மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

"ஏக், தோ, தீன்."

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மேசை எழும்பியது.

எனக்கு அது புதிதல்ல. வீட்டில் குளிர்சாதனப்பெட்டியை நகர்த்தினாலும் அரிசி மூட்டையைத் தூக்கினாலும் அப்பா அப்படித்தான் எண்ணுவார். பாரம் தூக்குவதற்கென்று யாழ்ப்பாணத்தில் தனி எண்கள் இருக்கின்றன என்று நினைத்திருந்தேன். மாமாவுக்கும் அது தெரிந்திருந்ததில் எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஒவ்வொரு திருப்பத்திலும் மேசையை இறக்கினார்கள், மூச்சு வாங்கினார்கள், மறுபடி ஏக், தோ, தீன். வேறு ஒரு சொல் இல்லை. வாசலில் நின்ற முசியே சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். பின்னால் தேங்காயோடு ஏறிவந்த நான் மேலே போய்ச் சேர்ந்ததும் கேட்டேன்.

"மாமா, உங்கடை கால் நோ மாறிட்டுதோ?"

மாமா தேங்காயை வாங்கி ஒரே அடியில் பாதி பாதியாகப் பிளந்தார். வாசலுக்கு வெளியே நின்றபடிதான். அம்மா செம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விம்மினார்.

"கொம்மானைத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு" என்றார் அப்பா, மாமாவுக்கு ஒரு முழம் தள்ளி நின்று.

"இன்னொரு நாளைக்கு எண்டு கொப்பரிட்டைச் சொல்லு" என்றார் மாமா.

நான் மாமாவுக்கு ஒன்றும் அப்பாவுக்கு ஒன்றுமாக இரண்டையும் சொன்னேன். கேட்ட காதுகளுக்கே திரும்பச் சொன்னேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஏக், தோ, தீன் இந்தி என்பதைப் பல வருடம் கழித்துக் கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் முடிவெட்டும் பாகிஸ்தான்காரர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். உருதுவிலும் அதேதானாம். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அவர் துண்டு துண்டாகச் சொன்னார். எண்பதுகளில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒத்துப்போகவில்லை. அயல்வீட்டுக்காரனைத் தானே இறங்கி அடிக்க விரும்பாத பெரிய வீடு, அவன் வீட்டுக்குள்ளேயே கோபத்தோடு நின்ற பிள்ளைகளைக் கூப்பிட்டுத் துவக்கும் தோட்டாவும் பயிற்சியும் கொடுத்தது. ஓர் இயக்கத்துக்கு அல்ல, பல இயக்கங்களுக்கு. ஒன்று சொல்வழி கேட்காவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று. அப்பா ஒன்றோடு போனார், மாமா இன்னொன்றோடு. வட இந்திய மலைப்பக்கத்தில் அடுத்தடுத்த கொட்டில்களில் படுத்து, ஒரே மீசைக்கார வாத்தியாரிடம் ஒரே எண்ணிக்கைக்கு ஓடியிருக்கிறார்கள்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடியே ஊரைப் பிரித்துவிட்டுப் பிறகு வீட்டுக்குப் போய்விட்டான். திரும்பிவந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அப்பாவின் தம்பியைப் பத்தொன்பது வயதில் மாமாவின் இயக்கம் சந்தியில் வைத்துச் சுட்டுக்கொன்றது. மாமா அங்கே இருக்கவில்லை. ஆனால் அது பிழையென்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே ஒருவரையொருவர் விரும்பியிருந்தார்கள். அதனால் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் போய்வர ஐந்து மாடிப் படிகள் மிஞ்சின.

தேங்காய் உடைத்த அன்று இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. சமாதானம் ஆகிவிட்டது, இனி மாமா மேலே வருவார் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் மறுபடி கடைசிப் படியில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். மேசை தூக்கியதில் பழைய நோ திரும்பிவிட்டது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. மேலே ஓடிவந்து அப்பாவிடம் தைலம் கேட்டேன்.

"ஆருக்கு?"

"மாமாவின்ரை முழங்காலுக்கு."

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அப்பா கத்தியை வைத்தார். தன் முதுகுக்குப் பூசும் தைலப் போத்தலை அலமாரியிலிருந்து எடுத்து, மூடியை இறுக்கி, என் கையில் தந்தார்.

மாமா போத்தலைப் பார்த்தார்.

"கொப்பர் தந்தவரோ?"

"ஓம்."

அவர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, எனக்கு முன்னால், கொஞ்சமும் அவசரப்படாமல் தேய்த்துப் பூசினார். நான் மேலே ஓடிவந்து, மாமா பூசிவிட்டார், அடுத்த கிழமை ஏறி வருவார் என்று அறிவித்தேன்.

"நோ மாற நாள் செல்லும், பிள்ளை" என்றார் அப்பா.

"எத்தினை நாள்?"

"போத்தல்லை எழுதியிருக்கும்."

நான் உண்மையாகவே ஐந்து மாடியும் இறங்கிப் போய், மாமாவிடம் போத்தலை வாங்கி வாசித்தேன். ஒரு நாளைக்கு மூன்று தரம் பூசவேண்டும் என்று பிரெஞ்சில் இருந்தது. எத்தனை நாளைக்கு என்று எழுதியிருக்கவில்லை.