குழலுக்கும் மரத்துக்கும் நடுவில்

கோயில் வாசலில் யாராவது சந்தனத்தை நீட்டினால் எனக்கு வெடிமருந்துதான் மணக்கிறது. சூடான இரும்பில் வறுபட்ட சந்தனம். என் மூக்கு அதைக் கண்டுபிடித்தபோது வீட்டில் ஒருத்தி குறைந்திருந்தாள்.

தம்பி போட்டிகளில் ரைபிள் சுடுகிறவன். மாநில அணித் தேர்வு, அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. முதல் மூன்று குண்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் போயின. குழல் சூடேறச் சூடேற மற்றவை வலப்பக்கம் மேலே, இன்னும் மேலே, ஏணி வைத்ததுபோல் ஏறின. தோற்றான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான்: "உன் கை பட்டதுலேர்ந்து இது உருப்படல. என்ன கைராசியோ!"

அவள் பையை எடுத்துக்கொண்டு தாமலுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் அவனுக்குத் தேடத் தோன்றியது. குறிபார்க்கும் தொலைநோக்கியின் திருகுகளை இறுக்கினான். வேறு பெட்டித் தோட்டா போட்டான். ஆறவிட்டுச் சுட்டால் நேராகப் போகும்; விடாமல் சுட்டால் ஏறும். குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன், பயிற்சிக் களத்தில் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து.

"குழல் மரத்தைத் தொடக் கூடாதுக்கா. சும்மா காத்துல நிக்கணும்." என் பஸ் டிக்கெட்டை வாங்கி, குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நுழைத்தான். ஆறியிருந்தபோது வழுக்கிக்கொண்டு ஓடிய காகிதம், சூடானதும் பாதியில் நின்றது. அப்போதுதான் அந்த வாசனை.

"இன்னாடா, கோயிலாட்டம் மணக்குது?"

திருகைக் கழற்றி மரத்திலிருந்து இரும்பைத் தூக்கினான். அடியில் காய்ந்து கல்லான சந்தனம், நடுவே குங்குமச் சிவப்பு. ஆயுத பூஜையன்று அவள் வைத்த பொட்டு, உள்ளே வழிந்து இறுகியிருந்தது. சூட்டில் விரிந்த குழல் அதில் முட்டி விலகியிருக்கிறது.

எங்கள் ஊரில் தறிக்கு மூட்டு மூட்டாக, வழிய வழியப் பொட்டு வைப்போம். அவள் அன்றைக்கு ரைபிளின் பின்கட்டையில்தான் வைக்கப் போனாள். "அங்க இல்லம்மா, தறிக்கு வெக்கிற மாதிரி மூட்டுல வை. நல்லா அப்பு" என்றவன் இவன். பொரி மென்றுகொண்டு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் நினைவு வந்துவிட்டது. தலை நிமிராமல் சுரண்டத் தொடங்கினான்.

மறுநாள் வண்டியில் என்னைத் தாமலுக்குக் கூட்டிப்போனவன் ஏரிக்கரையோடு நின்றுவிட்டான். "நீ போய்ச் சொல்லுக்கா."

சொன்னேன். அவள் சிரித்தாள், பார்க்க முடியாத சிரிப்பு.

"அப்போ என் கைதான்னு ஆயிடுச்சு."

"அவன்தானம்மா அங்க வெக்கச் சொன்னான். அவனுக்கும் ஞாபகம் இருக்குது."

"ஞாபகம் இருந்தா அவரு வாயில வரட்டும். நீங்க ஏன் அண்ணி தூக்கிக்கினு வர்றீங்க?"

ஏரியில் தண்ணீர் வற்றியிருந்தது. கரைமேல் அவன் சின்னதாக, ஆணியடித்தாற்போல், இந்தப் பக்கம் பார்க்காமல். அவளும் பார்த்தாள். தெருமுனை வரை என்னோடு நடந்து வந்தவள் அதற்குமேல் வரவில்லை.

"இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவரையே பொட்டு வெச்சிக்கச் சொல்லுங்க அண்ணி. வெயில்ல நிக்கிறாரு, கூட்டிக்கினு போங்க."