நாலு விரல் அதிகம்

அந்த வருஷம் சித்திரையில் அம்மா இறந்துபோனாள். ஆவணியில் மாவட்ட அளவிலான சைக்கிள் போட்டி. நடுவில் இருந்த மாதங்களில் என்ன செய்தேன் என்று கேட்டால், சைக்கிள் ஓட்டினேன் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் எழுந்தால் கால் தானாக வண்டிப் பக்கம் போகும். நான் அழவில்லை. புள்ள கல்லு மாதிரி இருக்குது, ஒரு தடவ அழுதுட்டா தேவலாம் என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள். பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றிப் போகும் டெம்போவை ஓட்டுகிறவர் அப்பா. என்னை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

எனக்கு அப்போது பதினைந்து வயது. எங்கள் வயதுப் பிரிவில் கியருக்கு ஓர் எல்லை உண்டு. பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி இவ்வளவு தூரம்தான் போகலாம், அதற்கு மேல் போகக் கூடாது. வளரும் வயதில் கனமான கியரை மிதித்தால் முட்டி கெட்டுப்போகும் என்பதற்காக வைத்த விதி. அதனால் பின்சக்கரத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்குச் செயின் போகாதபடி எங்கள் பள்ளி பி.டி. சார் ஒரு ஸ்குரூவை முறுக்கி வைத்திருந்தார். சமதளத்தில் அது தெரியாது. இறக்கத்தில்தான் தெரியும். எவ்வளவு மிதித்தாலும் கால் வெறுமனே சுற்றும், வண்டி வேகம் பிடிக்காது. மற்ற பெண்கள் அதைத் திட்டுவார்கள். எனக்கு அந்த வருஷம் அது பிடித்திருந்தது. கால் சுற்றிக்கொண்டே இருக்கும், தலைக்குள் எதுவும் இருக்காது.

போட்டிக்கு முந்தின நாள் மதியம் எல்லா வண்டிகளையும் அளந்து பார்த்தார்கள். என்னுடையது சரியாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது ரோட்டில் கிடந்த பாட்டில் சில்லு ஏறிப் பின் டயர் கிழிந்துவிட்டது. அப்பா லோடை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு தர்மபுரிக்குப் போய்ப் புது டயர் வாங்கிவந்தார். பழைய அளவு கடையில் இல்லையாம். இது கொஞ்சம் தடிமன், ரோட்டை நல்லாப் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அப்பாவே உட்கார்ந்து மாட்டினார். எனக்காக ஏதோ செய்ய முடிந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் கம்பைநல்லூர் ரோட்டில் போட்டி. கடைசி ஏற்றத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த அரூர் பக்கத்துப் பெண்ணைத் தாண்டி முதலில் வந்தேன். சந்தோஷம் வரும் என்று ஓரமாக நின்று காத்திருந்தேன். வரவில்லை.

முதல் மூன்று வண்டிகளை மறுபடியும் அளந்தார்கள். ரோட்டில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். இருப்பதிலேயே கனமான கியரில் வைத்து, பெடல் ஒரு சுற்று முடியும்வரை முதல் கோட்டிலிருந்து வண்டியைப் பின்னால் உருட்டினால் இரண்டாவது கோட்டுக்குள் நிற்க வேண்டும். என் வண்டி அதைத் தாண்டியது. நடுவராக வந்திருந்த பெண்மணி இன்னொரு முறை உருட்டிப் பார்த்தார். பிறகு டயரை அழுத்திப் பார்த்தார்.

"டயர் மாத்துனியா?"

"ஆமாங்க. நேத்து."

"டயர் தடிமனானா சக்கரமே பெருசாயிடும் பாப்பா. நாலு விரல் தாண்டுது. நான் முதல்னு எழுத முடியாது."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. பி.டி. சார்தான் வாதாடினார், நேற்று சரியாக இருந்ததே என்றார், ஸ்குரூவைக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதாக வந்த அரூர்ப் பெண் முதலிடத்துக்குப் போனாள். மாநிலப் போட்டிக்கு அவள் போவாள்.

அப்பா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார், "நான் வாங்கியாந்த டயராலயா?"

"ஆமாம்ப்பா."

வேறு மாதிரி சொல்லியிருக்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை. அவர் டெம்போவுக்குப் பின்னால் போனார். நான் போய்ப் பார்த்தபோது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். டயருக்காக மட்டும் அழவில்லை என்று தெரிந்தது. அவர் தோளைத் தொட வேண்டும் என்றும் தெரிந்தது. கை எழவில்லை. பக்கத்தில் நின்றேன்.

அங்கேதான் அந்த அரூர்ப் பெண் வந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். அப்பாவைப் பார்த்ததும் தயங்கினாள், ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஸ்டேட்டுக்கு உங்க பின்சக்கரத்தக் குடுப்பீங்களா? என்னுது எத்தன தடவ கோட்டம் எடுத்தாலும் திரும்பவும் ஆடுது. டயர் மட்டும் மாத்திக்கிறேன்."

பி.டி. சாருக்குக் கோபம் வந்தது. என்ன பொண்ணும்மா நீ, இப்பவா கேட்பாங்க என்றார். எனக்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எடுத்துக்க என்று அங்கேயே கழற்றிக் கொடுத்தேன். பின்சக்கரம் இல்லாத வண்டியை அப்பா டெம்போவில் ஏற்றினார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாநிலத்தில் ஒன்பதாவதாக வந்தாளாம். இறக்கத்தில் கால் மிக்ஸி மாதிரி சுத்துச்சுக்கா, அப்படியும் எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க என்று சிரித்தாள். அத்தை சோறு போட்டாள். சாப்பிடும்போது சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தாள்.

"அம்மாங்களா?"

"ம்."

"எப்பக்கா?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் கேட்க வேண்டியிருக்கவில்லை. சித்திரையில் என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. மஞ்சள் காமாலை வந்தது, கண் மஞ்சளானது, கடைசி வாரம் என்னை வேறு யாரோ என்று நினைத்துப் பேசியது, எல்லாவற்றையும் வேறு வீட்டுக் கதை மாதிரிச் சொன்னேன். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. அவள் கை காயக் காய உட்கார்ந்து கேட்டாள். அடுப்படியில் அத்தை பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

சாயங்காலம் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். வழியில் அப்பா, அந்தப் புள்ளய அடுத்த வாரமும் வரச் சொல்லு, நல்லா சாப்புடுது என்றார். சரி என்றேன். வந்தாள்.

அடுத்த வருஷம் நான் மேல்பிரிவுக்குப் போய் நான்காவதாக வந்தேன். மாநிலத்துக்குப் போகவே இல்லை. இப்போது நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், அவள் போலீஸில் சேர்ந்துவிட்டாள். போனில் பேசும்போது சைக்கிளைப் பற்றி இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. சாப்ட்டீங்களா என்றுதான் ஆரம்பிப்பாள்.